தமிழில் இருத்தலியல்: ஆர்வலர் வழி வந்த தத்துவமும் மலேசிய வகுப்பறையும்

முன்னுரை

கடந்த அரை நூற்றாண்டில் தமிழ்த் திறனாய்விற்குள் நுழைந்த கலைச்சொற்களுள் 'இருத்தலியல்' என்பதைப் போலப் பரவலாகப் பயன்பட்டதும், அதே அளவிற்குப் பொருள் மங்கிப்போனதும் வேறில்லை எனலாம். பட்டப்படிப்பு மாணவர்தம் ஆய்வேடுகளில் 'இருத்தலியல் கூறுகள்' என்றோர் இயல் அமைவது வழக்கமாகிவிட்டது. அவ்வியலைப் புரட்டினால், கதைமாந்தர் தனித்திருக்கிறார், அழுகிறார், வாழ்வை வெறுத்துப் பேசுகிறார் என்பதற்கான எடுத்துக்காட்டுகள் வரிசையாக நிற்கும். துன்பம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இருத்தலியல் உண்டு என்பது எழுதியவர்தம் கொள்கை போலும். அவ்வாறாயின் நம் ஒப்பாரிப் பாடல்கள் அனைத்தையும் இருத்தலியல் இலக்கியம் என்று வகைப்படுத்த வேண்டி வரும்.

இக்குறைக்கு மாணவர்களை மட்டும் நோவது பொருந்தாது. ஒரு தத்துவம் ஒரு மொழிக்குள் எவ்வழியே வந்தது என்பதை அறியாமல் அதன் சொற்களை மட்டும் கையாளும்போது இத்தகைய மயக்கம் நேர்வது இயல்பே. இருத்தலியல் தமிழுக்குப் பல்கலைக்கழகத் தத்துவத் துறைகளின் வழியாகப் பெரிதும் வந்ததன்று. வாழ்க்கைப்பாட்டிற்கு வேறு பணி பார்த்து, மாலையிலும் விடுமுறை நாளிலும் தம் விருப்பத்தால் படித்தும், மொழிபெயர்த்தும், சிற்றிதழ்களில் எழுதியும் வந்த ஆர்வலர்களே அதைக் கொணர்ந்தனர். அவ்வழியின் வளம், குறை ஆகிய இரண்டுமே இன்று நம் வகுப்பறையில் எதிரொலிக்கின்றன. இதனை விளக்குவதும், கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தமிழ் கற்பிக்கும் நமக்கு இதனால் விளையும் கடமை யாது எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாரமும் இருப்பும்

இருத்தலியலின் அடிப்படையை விளக்குதற்கு, ழான்-பால் சார்த்தர் 1945ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் பாரிஸ் நகரில் ஆற்றிய உரையே இன்றளவும் எளிய வாயிலாகும். பின்னர் நூலாக வெளிவந்த அவ்வுரையில் அவர் தாள்வெட்டும் கத்தி ஒன்றைச் சான்றாகக் காட்டுகிறார். கத்தியைச் செய்பவன் அது எதற்கு என்பதை முன்னரே அறிந்திருக்கிறான். பயன் முதலில் தோன்றுகிறது. பொருள் பின்னர் உருவாகிறது. ஆகவே கத்தியைப் பொறுத்தவரை அதன் சாரம் அதன் இருப்பிற்கு முந்தியது. மனிதனோ இதற்கு மாறானவன். அவன் முதலில் இருக்கிறான். தான் இன்னான் என்பதைத் தன் தெரிவுகளாலும் செயல்களாலும் பின்னரே ஆக்கிக்கொள்கிறான். முன்வரைந்த திட்டம் ஏதும் இல்லாமையால் அவன் சுதந்திரமுடையவன். அச்சுதந்திரத்தின் பொறுப்பை வேறு எவர் தலையிலும் ஏற்ற இயலாமையால் அவன் கலக்கமுடையவனும் ஆகிறான்.

தாள்வெட்டும் கத்தியை நம் மாணவருள் பெரும்பாலோர் கண்டிரார். ஆகவே வகுப்பில் நாம் பால்மரம் சீவும் கத்தியை எடுத்துக்கொள்வது வழக்கம். மரப்பட்டையை ஆழம் பிசகாமல் சாய்வாகச் சீவுவதற்கென்றே வளைந்த முனையுடன் அமைந்த கருவி அது. இதுவரை சார்த்தரின் சான்றே. ஆனால் தோட்டப்புறத்தில் இச்சான்று மேலும் ஒரு படி செல்கிறது. கத்தியைப் போலவே அதைப் பிடிக்கும் கையும் முன்கூட்டியே திட்டமிடப்பெற்றது. லயத்தில் பிறந்த குழந்தை வளர்ந்தால் நிரைக்குப் போகும், பிரட்டுக் களத்தில் பெயர் பதியும் என்பது அக்குழந்தை பிறக்கும் முன்னரே ஏறத்தாழ முடிவான செய்தி. காலனிய ஆட்சிக்காலத் தோட்டப்பள்ளியும் அவ்வெல்லையைத் தாண்டிச் செல்ல ஊக்குவித்ததன்று. சார்த்தர் எதிர்த்துப் பேசிய ஐரோப்பிய மரபில், சாரம் முந்தியது என்பது படைத்தவனைப் பற்றிய சமயக் கோட்பாட்டின் விளைவு. நம் பாட்டன்மார்க்கோ அது தோட்ட நிருவாகத்தின் ஆள்சேர்ப்புக் கொள்கை. இருப்பே முந்தியது என்று சொல்வதில் எத்துணைத் துணிவு அடங்கியுள்ளது என்பதைப் பாரிஸ் மாணவனைவிடத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை மாணவி விரைவில் உணர்ந்துகொள்கிறாள் என்பது எம் பட்டறிவு.

இங்கு ஒரு தெளிவு தேவை. சுதந்திரம் என்று சார்த்தர் கூறுவது நினைத்ததை எல்லாம் அடையும் ஆற்றலை அன்று. எந்நாட்டில், எவ்வினத்தில், எவ்வகுப்பில் பிறந்தோம் என்பது நம் தெரிவிற்கு அப்பாற்பட்டது. மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் வெளியிட்ட தம் பெருநூலில் இந்நிலையை 'எறியப்பட்டிருத்தல்' என்று பொருள்படும் சொல்லால் குறித்தார். எறியப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு என்ன செய்யப் போகிறோம் என்பதே வினா. சிமோன் தி பொவ்வார் 1949இல் வெளியிட்ட நூலில் இவ்வினாவைப் பெண்களின் வாழ்நிலைக்கு விரித்து, பெண்மை எனப்படுவது பிறப்பால் அமைந்த சாரமன்று, சமூகம் ஆக்கிவைத்த நிலை என்று நிறுவினார்.

இத்தத்துவத்தின் தலைமக்களுள் பலர் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அல்லர் என்பதும் நோக்கத்தக்கது. சார்த்தர் தத்துவம் கற்பித்தது லெ ஹாவர் முதலிய ஊர்களின் உயர்நிலைப் பள்ளிகளில். ஆல்பெர் காம்யு காசநோயின் காரணமாகப் பிரெஞ்சு ஆசிரியத் தகுதித் தேர்வை எழுத இயலாமற்போய், இதழாளராக வாழ்ந்தவர். தம்மை இருத்தலியலர் என்று அழைப்பதையும் அவர் மறுத்தார். முன்னோடியாகிய சோரென் கீர்க்கெகார்ட் (1813-1855) எப்பல்கலைக்கழகத்திலும் பதவி வகித்தாரில்லை. தந்தை விட்டுச்சென்ற செல்வத்தில் வாழ்ந்து, தம் நூல்களிற் பலவற்றைத் தம் செலவிலேயே அச்சிட்டார். தமிழாசிரியர்க்கு இவர் வாழ்வில் மற்றொரு செய்தியும் உண்டு. 1841இல் இவர் தம் பட்ட ஆய்வேட்டை வழக்கமான இலத்தீனில் எழுதாமல் தாய்மொழியாகிய டேனிஷ் மொழியில் எழுத விரும்பினார். அதற்கு அரசரின் தனி இசைவைப் பெற வேண்டியிருந்தது. சிறியதொரு நாட்டின் மொழியில் எழுதிய காரணத்தால் அவர் கருத்துகள் ஐரோப்பாவில் பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. ஆயினும் அம்மொழியின் அன்றாட வழக்கில் அவர் சிந்தித்தமையே அவர் எழுத்திற்கு உயிர். தமிழில் தத்துவம் எழுத இயலுமா என்று ஐயுறுவோர் அவரை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தமிழுக்கு வந்த வழி

தமிழில் இதன் வரலாறு பெரிதும் 1970களில் தொடங்குகிறது. அதற்கு முன்னரே சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழும் அதனைத் தொடர்ந்த சிற்றிதழ்களும் மேனாட்டு நவீன இலக்கியத்தைப் பேசுதற்குரிய களத்தை அமைத்துத் தந்திருந்தன. 1974இல் எஸ். ராமகிருஷ்ணன் சென்னையில் நிறுவிய க்ரியா பதிப்பகம் இத்துறையில் ஆற்றிய பணி தனித்து ஆராயத்தக்கது. எஸ். வி. ராஜதுரை எழுதிய 'எக்ஸிஸ்டென்ஷியலிசம்: ஓர் அறிமுகம்' 1975இல் அங்கிருந்தே வெளிவந்தது. நூலாசிரியர் தத்துவப் பேராசிரியர் அல்லர். இடதுசாரிச் சிந்தனையில் ஊன்றி நின்று, தம் முயற்சியால் கற்றுத் தமிழர்க்குச் சொல்ல விழைந்தவர். நூலின் தலைப்பிலேயே பிறமொழிச் சொல் ஒலிபெயர்ப்பாக நிற்பதைக் காண்க. அன்று அதற்கு இசைவு பெற்ற தமிழ்ச்சொல் நிலைபெறவில்லை என்பதற்கு அத்தலைப்பே சான்று.

1980இல் காம்யுவின் புதினத்தை வெ. ஸ்ரீராம் 'அந்நியன்' என்னும் பெயரில் பிரெஞ்சு மூலத்திலிருந்து நேராகத் தமிழாக்கினார். சார்த்தரின் நாடகம் ஒன்றையும் அவரே 'மீள முடியுமா?' எனத் தந்தார். ஃபிரன்ஸ் காஃப்காவின் 'விசாரணை' ஏ. வி. தனுஷ்கோடியால் ஜெர்மன் மூலத்திலிருந்து பெயர்க்கப்பெற்று 1992இல் வெளிவந்தது. ஆங்கிலத்தின் வழியாகவே ஐரோப்பாவைக் கண்டுவந்த தமிழ் வாசகர்க்கு இம்மூல மொழிபெயர்ப்புகள் புதிய நேர்மையைக் கற்பித்தன. இவற்றின் பின்னே எந்தப் பல்கலைக்கழகத் திட்டமும் இருந்ததாகத் தெரியவில்லை.

தத்துவ நூல்களுக்கு முன்னர்ப் புனைகதைகளும் நாடகமும் வந்துசேர்ந்தமையே இவ்வழியின் தனித்தன்மை. இதனால் தமிழ் வாசகர் மெர்சோவை அறிந்த அளவிற்குக் காம்யுவின் வாதத்தை அறிந்தாரில்லை. மனநிலை வந்தது, ஆய்வுமுறை பின்தங்கியது. இடதுசாரித் திறனாய்வாளருட் பலர் இதனை நம்பிக்கை வறட்சியின் தத்துவம் என்று ஒதுக்கியதற்கும், மறுதரப்பினர் அவ்வறட்சியையே ஆழம் என்று கொண்டாடியதற்கும் இதுவே காரணம் என நாம் கருதுகிறோம். இருசாராரும் ஒரே பிழையின் இருபக்கங்களில் நின்றனர்.

எனினும் படைப்பிலக்கியத்தில் இதன் விளைவு செழுமையானது. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தியவர். அவருடைய 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) கற்பனை மலையாள எழுத்தாளன் ஒருவனின் மறைவு நாளை 1960 சனவரி 5 என்று குறிக்கிறது, காம்யு வாகன விபத்தில் இறந்ததற்கு மறுநாள் அது. தேதியைக் கொண்டே ஓர் உறவை நிறுவிவிடுகிறார் ஆசிரியர். தில்லியில் அலுவலகப் பணியில் இருந்த ஆதவன் 'காகித மலர்கள்' புதினத்தில் தாம் நடிக்கிறோம் என்பதை அறிந்துகொண்டே நடிக்கும் மாந்தரைப் படைத்தார். சார்த்தர் 1943இல் வெளியிட்ட தம் தத்துவப் பெருநூலில் காட்டும் உணவக ஊழியனை இங்கு நினைவுகூரலாம். அவன் ஊழியனாக இருப்பதைவிட ஊழியனாக நடிப்பதில் முனைகிறான். தட்டை ஏந்தும் விதத்திலும், குனிந்து கேட்கும் பணிவிலும் சற்றே மிகை தெரிகிறது. தன்னை வெறும் வேடமாகச் சுருக்கிக்கொண்டு தெரிவின் சுமையிலிருந்து தப்பப் பார்க்கிறான். ஆதவனின் மாந்தரை இவ்வூழியனோடு ஒருங்கு வைத்துப் படித்தால் இருவரும் விளங்குவர். ஒருவரிடமிருந்து மற்றவர் பெற்றார் என்று நிறுவ வேண்டிய தேவை இல்லை.

ஈழத்திலும் இதற்கு இணையான ஒரு வாழ்வு உண்டு. புங்குடுதீவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் மு. தளையசிங்கம் (1935-1973) இருத்தலியலர் அல்லர். ஆன்மிகம் சார்ந்த வேறொரு தரிசனத்தை நாடியவர். ஆயினும் 'போர்ப்பறை', 'மெய்யுள்' ஆகியவற்றில் தமக்கெனத் தத்துவம் ஒன்றைத் தமிழிலேயே கட்டியெழுப்ப முயன்றார். ஒடுக்கப்பட்டோர் கிணற்றுநீர் அள்ளும் உரிமைக்காகப் போராடி அதனைச் செயலிலும் காட்டினார். துறைக்கு வெளியே தத்துவம் பயில்வோர் என்ற பேச்சு எழும்போது அவரை விட்டுவிடுதல் முறையாகாது.

சொற்களால் நேரும் இடர்

இனி நம் பகுதிக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலும் கிள்ளானிலும் உள்ள தமிழ்ப் புத்தகக் கடைகளில் சமய நூல்கள், பாடத்துணை நூல்கள், சமையல் குறிப்புகள் ஆகியவற்றிற்கு நடுவே இத்தகைய நூல்கள் ஒன்றிரண்டு படிகளாக வந்து நிற்பதுண்டு. அவற்றைத் தேடி வாங்குவோர் பெரும்பாலும் எம் மாணவர்கள் அல்லர் என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியுள்ளது. எழுத்தர், கணக்கர், பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர் போன்றோரே அவர்கள்.

அத்தகையோருள் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் பகுதிநேர முதுகலை மாணவராக வந்தார். பகலில் கிள்ளானில் சரக்கு ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கர். கம்யூட்டர் இரயிலில் வந்துபோகும் நேரத்தில் எழுதிய குறிப்பேடுகளைக் காட்டினார். இருத்தலியற் கலைச்சொல் ஒவ்வொன்றிற்கும் ஒரு பக்கம். அச்சொல்லைத் தமிழில் யார், எந்நூலில், எவ்வாறு பெயர்த்தார் என்ற விவரம். இறுதியில் தம் கருத்து. இஃது எந்தப் பட்டத்திற்காகவும் தொடங்கப்பெற்றதன்று. எதற்காக இதைச் செய்கிறீர்கள் என்று வினவியபோது, படித்தது மறந்துபோகிறது, அதனால்தான் ஐயா, என்று மட்டும் விடை கூறினார். கீழே நாம் விளக்கும் சொல்லாய்வு சிலவற்றிற்கு அக்குறிப்பேடுகள் தூண்டுகோலாயின என்பதை நன்றியுடன் குறிக்கிறோம்.

முதற்கண் 'இருத்தலியல்' என்னும் சொல். '-இயல்' என்னும் ஈறு உளவியல், சமூகவியல் எனத் துறையைக் குறிக்கும். மார்க்சியம், பெண்ணியம் என்பவற்றிற் காணும் '-இயம்' கோட்பாட்டைக் குறிக்கும். இதன்படி 'இருத்தலியம்' என்பதே செப்பமான வடிவம். ராஜதுரையும் பின்னாளில் 'இருத்தலியமும் மார்க்ஸியமும்' என்றே தம் நூலுக்குப் பெயரிட்டார். இக்கட்டுரையில் வழக்கு மிகுதி கருதி 'இருத்தலியல்' என்றே ஆள்கிறோம். ஆயினும் பாடநூல்களில் 'இருத்தலியம்' நிலைபெறுவதே நன்று.

மேலும், 'இருத்தல்' என்றவுடன் அகப்பொருள் பயின்ற மாணவர்க்கு முல்லைத்திணையின் உரிப்பொருள் நினைவிற்கு வருகிறது. தலைவன் வரும்வரை தலைவி ஆற்றியிருத்தல் அது. தேர்வுத்தாள் ஒன்றில் இருத்தலியலை முல்லையோடு இணைத்து எழுதப்பட்ட விடையை நாம் கண்டதுண்டு. நகைப்பிற்குரியதாயினும் அதில் ஒரு நியாயம் இல்லாமலில்லை. பழந்தமிழில் 'உண்மை' என்பது உளதாந்தன்மையையும் 'இன்மை' என்பது இல்லாமையையும் குறித்தன. இருப்பு, இன்மை என்ற இணையைப் பேசுவதற்கு இவற்றினும் பொருத்தமான சொற்கள் கிடைத்தற்கரியன. ஆனால் உண்மை என்பது இன்று வாய்மை என்ற பொருளில் நிலைத்துவிட்டமையால், அதைப் பழம்பொருளுக்குத் திருப்புதல் இயலாது. இன்மையை மட்டும் மீட்டுக்கொள்ளலாம். 'சூனியம்' என்பதைவிட அது மேல். சூனியம் என்றால் நம் மாணவர்க்கு வேறொன்று நினைவிற்கு வரும்.

'ஆங்ஸ்ட்' என்னும் சொல்லை அச்சம் என்று பெயர்ப்பது பெருந்தவறு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு நிலைக்களன்களாகத் தெய்வம், விலங்கு, கள்வர், அரசர் என நான்கைக் கூறுகிறார். அஃதாவது அச்சத்திற்கு அஞ்சப்படும் பொருள் ஒன்று உண்டு. கீர்க்கெகார்டும் ஹைடெக்கரும் பேசும் உணர்விற்கோ அத்தகைய பொருள் ஏதும் இல்லை என்பதே அதன் இலக்கணம். புலி வந்தால் வருவது அச்சம். ஒன்றும் வராதபோது, எதையும் தெரிவு செய்யலாம் என்ற நிலையில், நெஞ்சு தடுமாறுவது வேறு. அதனைக் 'கலக்கம்' என்பது பொருந்தும். தொல்காப்பியத்தைக் கொண்டே இவ்வேறுபாட்டை ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம் என்பது தமிழாசிரியர்க்குள்ள வாய்ப்பு.

சார்த்தரின் 'மொவேஸ் ஃபுவா' என்னும் தொடர் ஆங்கிலத்தின் வழியாக வந்து 'தீய நம்பிக்கை' என்று சிலரால் பெயர்க்கப்பெற்றது. இதைப் படிப்பவர் மூடநம்பிக்கை போன்ற ஏதோவொன்று என்று எண்ணுவர். அப்பிரெஞ்சுத் தொடர் மனமறிந்த நேர்மையின்மையைச் சுட்டுவது. சார்த்தர் அதைத் தன்னிடமே ஒருவன் காட்டும் நேர்மையின்மைக்கு ஆண்டார். 'தன்னேய்ப்பு' என்ற சொல்லைக் கிள்ளான் மாணவர் முன்வைத்திருந்தார். இதனினும் சிறந்த சொல்லை நாம் இதுவரை காணவில்லை. 'அபத்தம்' என்பதும் இடருடையதே. பேச்சுவழக்கில் அது தவறான, பொருந்தாத செயலைக் குறிக்கிறது. காம்யு கருதியதோ, பொருள் வேண்டி நிற்கும் மனிதனுக்கும் விடையளிக்காத உலகிற்கும் இடையே எழும் முரணை. முரண் இருபுறமும் உடையது. உலகம் தனித்து அபத்தமாதல் இல்லை.

'அந்நியன்' என்னும் சொல் மலேசியாவில் பெறும் ஒலி வேறு. இளைஞர்க்கு 2005இல் வந்த திரைப்படமே முதலில் தோன்றும். அதைவிட முக்கியமானது, நம் நாளிதழ்கள் வெளிநாட்டுத் தொழிலாளரை 'அந்நியத் தொழிலாளர்' என்று எழுதுவது. காம்யு சூட்டிய பிரெஞ்சுத் தலைப்பிலும் அயல்நாட்டான், அறிமுகமற்றவன், ஒட்டாதவன் ஆகிய பொருள்கள் கலந்தே உள்ளன. தலைமுறைகள் பல கடந்தும் குடியுரிமைத் தாள்களுக்காக அலைந்த குடும்பங்கள் உள்ள சமூகத்தில், அச்சொல்லின் முதற்பொருளே முந்திக் கேட்கும். இதனைக் குறையெனக் கொள்ளலாகாது. அல்ஜீரியாவில் பிறந்த பிரெஞ்சுக்காரர் எழுதிய கதையில், கொல்லப்படும் அராபியனுக்குப் பெயரே இல்லை என்பதை எம் மாணவர் முதல் வாசிப்பிலேயே கேட்டுவிடுகின்றனர்.

நிலையாமையும் இறப்பும்

சங்கப் பாடல்களிலேயே இருத்தலியல் உண்டு என்று கூறும் போக்கு நம்மிடையே வலுத்து வருகிறது. பெருமிதம் தரும் கூற்றே. ஆயினும் ஆய்வுக்கு உதவாது. காஞ்சித்திணையும் நாலடியாரும் குறளும் பேசும் நிலையாமை ஒரு பொதுவிதி. செல்வம், இளமை, யாக்கை யாவும் நில்லாதன. ஆகலின் அறத்தை விரைந்து செய்க, அல்லது பற்றினை விடுக என்று அது முடியும். பற்றிக்கொள்ள அறமும் வீடும் உள. இருத்தலியல் கேட்பதோ பொதுவிதியைப் பற்றியன்று. மாந்தர் இறப்பர் என்பதை அறிந்தவன், தான் இறப்பான் என்பதை அறிந்திருக்கிறானா என்பதே அதன் வினா. டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்' இதனையே காட்டுகிறது. ஹைடெக்கர் தம் நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் அக்கதையைச் சுட்டுகிறார்.

மலேசியத் தமிழ்ப் புதினங்களுள் ரெ. கார்த்திகேசுவின் 'அந்திம காலம்' (1998) இவ்வேறுபாட்டை விளக்க மிகப் பொருத்தமானது. புற்றுநோயுற்றுத் தம் முடிவை எதிர்நோக்கும் முதியவரின் கதை அது. நிலையாமை பற்றிய பாடல்களில் பயின்ற தமிழ் மனம் தன் சொந்த இறப்பின் முன் நிற்கும்போது, கற்ற மரபு எவ்வளவு தூரம் துணைவரும், எங்கே கைவிடும் என்பதை மாணவர் இப்புதினத்தில் தேடிப் பார்க்கலாம். இதனை இருத்தலியல் புதினம் என்று முத்திரையிடுவதால் பயன் சிறிதே. மரபான விடைக்கும் இருத்தலியல் வினாவிற்கும் இடையே அது ஊசலாடுவதைக் காண்பதே பயனுடையது.

மாறாக, ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவற்றை அணுகுங்கால் எச்சரிக்கை வேண்டும். 1942-43 ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த சயாம்-பர்மா இருப்புப்பாதையில் மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் மடிந்தனர். அத்துயரம் வரலாற்றால் சுமத்தப்பட்டது. அதற்குக் காரணர் உளர். அதனை வாழ்வின் அபத்தம் என்று பொதுமைப்படுத்துவது, செய்தவரைத் தப்பவிடுவதாகும். அங்கும் இருத்தலியல் வினா எழுவது உண்டு. காட்டுமுகாமில் எஞ்சியிருந்த சிறு தெரிவுகளில், தன் பங்குக் கஞ்சியை நோயுற்றவனுக்கு ஈவதா என்பது போன்ற இடங்களில் மட்டுமே அது எழும்.

ஆங்கிலத்தில் எழுதிய கே. எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' (1981) ஒரு துண்டு நிலத்தில் வேரூன்ற முனைந்து தோற்கும் தந்தையைக் காட்டுகிறது. 1970களில் மலாய் நாடக மேடையில் அபத்த நாடக அலை எழுந்ததும், நூர்டின் ஹசான், டின்ஸ்மன் ஆகியோர் அதில் முன்னின்றதும் நம் ஒப்பியல் ஆய்வாளர் கவனத்திற்குரியன. சென்னையில் ராஜதுரையின் நூல் அச்சான அதே காலத்தில் கோலாலம்பூர் மேடையில் இவ்வினாக்கள் மலாய் மொழியில் எழுந்துகொண்டிருந்தன. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் ஓர் ஆய்வேடு வருமாயின் அதை முதலில் படிக்க விரும்புவோருள் நாமும் ஒருவர்.

ஆர்வலர் உழைப்பும் துறையும்

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956இல் தோன்றியது. தனிநாயக அடிகளார் இங்குப் பணியாற்றிய காலத்தில் 1966ஆம் ஆண்டு முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நிகழ்ந்தது. மொழி, இலக்கியம், வரலாறு, சமயம் ஆகியவற்றில் நம் மரபு உறுதியாக வேரூன்றியது. மேலைத் தத்துவத்தைத் தமிழில் பயில்வது மட்டும் ஆர்வலர் கையிலேயே விடப்பட்டது.

ஆர்வலர் பணியைப் போற்றுதல் அதன் குறைகளை மறைப்பதாகாது. மேலே கண்ட மூலமொழி பெயர்ப்புகள் விதிவிலக்கே. டேனிஷ், ஜெர்மன் நூல்களைப் பலரும் ஆங்கிலத்தின் வழியாகவே பயின்றமையால், மொழிபெயர்ப்பாளர் தெரிந்துகொண்ட சொல்லே மூலச்சொல் எனக் கொள்ளப்பட்டது. காஃப்கா, காம்யு, சார்த்தர் மூவரும் ஒன்றையே கூறினர் என்பது போன்ற கலப்பும் நேர்ந்தது. காம்யுவும் சார்த்தரும் 1952இல் வெளிப்படையாக முரண்பட்டுப் பிரிந்தனர் என்பதை அறியாதார் இன்றும் பலர். பிறர் திருத்தும் வாய்ப்பில்லாத தனிமையில் எழுதுவோர்க்கு இவை நேரும். அத்திருத்தத்தை அளிப்பதே துறையின் வேலை. நாம் முனைவர் பட்டத்திற்காக வெளிநாட்டில் பயின்ற காலத்தில், வாரந்தோறும் ஒரு பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் வாதிடும் வாசிப்பு வட்டம் ஒன்றில் அமர்ந்ததுண்டு. அதற்குத் தேவைப்பட்டவை ஒரு மேசையும் சில நாற்காலிகளுமே. பட்டம் அற்றவரையும் அதில் அமரச் செய்ய இங்கு என்ன தடை என்பது எமக்கு விளங்கவில்லை.

மற்றொன்று விரைந்து செய்யப்பட வேண்டியது. இத்தகைய உழைப்பு ஓர் ஆளின் ஆயுளோடும் உடல்நலத்தோடும் கட்டுண்டது. அவர் மறைந்தால் குறிப்பேடுகளைக் குடும்பத்தார் பழைய தாளாக எடைக்குப் போட்டுவிடுவர். அவர்களுக்கு அவற்றின் மதிப்பு தெரிய வழியில்லை. தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் திரட்டத் தொடங்கியபோது பாடியவர்களிற் பலர் மறைந்திருந்தனர் என்பதை நாட்டார் வழக்காற்றியல் பயில்வோர் அறிவர். நகர்ப்புறத்துத் தமிழர் தனித்துப் பயின்ற சிந்தனையின் சுவடுகளும் அவ்வாறே போய்க்கொண்டிருக்கின்றன. கிள்ளான் மாணவரின் குறிப்பேடுகளைப் படியெடுத்து வைக்க அவரிடம் இசைவு பெற்றுள்ளோம். முதற்படியாக, கலக்கம், தன்னேய்ப்பு, இன்மை, அபத்தம், இருத்தலியம் ஆகிய ஐந்து சொற்களுக்கு, ஒவ்வொன்றையும் தமிழில் ஆண்டவர் யார் என்ற வரலாற்றுடன் கூடிய பட்டியலை ஆசிரியர்களின் பார்வைக்கு அனுப்ப எண்ணியுள்ளோம். வேறு சொற்களை ஆள்வோர், அவற்றை எங்குக் கண்டனர் என்ற குறிப்போடு எழுதுவாராயின் அவையும் அப்பட்டியலில் இடம்பெறும்.